காரின் கம்பியில் ஓடும் எண்கள்: கணினியில் அவற்றைப் படிப்பது எப்படி?

பினாங்கில் பிறையிலிருந்து ஜெலுத்தோங் வரை எந்த வொர்க்‌ஷாப்பில் நின்றாலும் "ஸ்கேன் பண்ணியாச்சு" என்ற பேச்சு காதில் விழும். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேலைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் பிழைக் குறியீட்டை எடுத்துப் பார்ப்பது ஒன்று. என்ஜின் ஓடும்போது அதன் சூடு எவ்வளவு, சுழற்சி எவ்வளவு என்று காரிடமே கேட்டு வாங்குவது இன்னொன்று. காருக்குள் இருக்கும் சிறு கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை அப்படியே பதிவு செய்து, வீட்டு மேசையில் உட்கார்ந்து ஆற அமரப் படிப்பது மூன்றாவது.

இந்த மூன்றாவது வேலையைப் பற்றித்தான் குழப்பம் அதிகம். லேப்டாப்பைச் செருகினால் போதும், எது கெட்டிருக்கிறது என்று கார் சொல்லிவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஹேக்கர்கள் செய்யும் வேலை, நமக்கு வேண்டாம் என்று ஒதுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருமே மென்பொருளுக்கு இல்லாத சக்தியைக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் காரைப் பற்றி அந்த மென்பொருளுக்கு எதுவுமே தெரியாது. கம்பியில் ஓடும் எண்களை அது காட்டும், வடிகட்டும், கோடாக வரைந்து தரும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது வேறு இடத்திலிருந்துதான் வர வேண்டும். எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மாமாக் கடையில் ஆர்டர் சொல்வது மாதிரி

மாலை நேரம், கூட்டமான மாமாக் கடை. மேசையில் ஆர்டர் எடுத்தவர் நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுக்கிறார்: "தே தாரேக் ரெண்டு, ரொட்டி கோசோங் ஒண்ணு!" அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. குரல் கடை முழுக்கக் கேட்கிறது. தேநீர் ஆற்றுகிறவர் முதல் பாதியைப் பிடித்துக்கொள்கிறார், ரொட்டிக் கல்லில் நிற்கிறவர் இரண்டாவது பாதியை. கல்லாவில் இருக்கிறவர் கணக்குக்காக இரண்டையும் கேட்டுக்கொள்கிறார். பாத்திரம் கழுவுகிறவர் எதையும் கவனிப்பதில்லை.

காருக்குள்ளும் இதுதான் நடக்கிறது. என்ஜினுக்கு ஒரு சிறு கணினி, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, மீட்டருக்கு ஒன்று என்று பல பெட்டிகள் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றையும் இசியு என்கிறார்கள். இவை எல்லாம் ஒரே ஜோடிக் கம்பியில், பல புதிய கார்களில் இப்படிச் சில ஜோடிகளில், கோக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பொதுக் கம்பிக்கு பஸ் என்று பெயர். அதில் பேசுவதற்கு வகுத்த விதிமுறைதான் கேன். "என்ஜின் இப்போது இத்தனை சுற்று" என்று என்ஜின் இசியு பொதுவாக அறிவிக்கும். மீட்டர் அதை எடுத்து முள்ளை நகர்த்தும், கியர் பெட்டி அதைப் பார்த்துக் கியரைத் தீர்மானிக்கும், ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பெட்டி அதைக் கண்டுகொள்ளாது. செய்தியில் "என்ன" என்பது இருக்கும். "யாருக்கு" என்பது இருக்காது. "யாரிடமிருந்து" என்பதும் இருக்காது.

இந்த முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983இல் உருவாக்கத் தொடங்கி, 1986இல் டெட்ராய்ட்டில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் அறிமுகம் செய்தது. 1993இல் அது ஐஎஸ்ஓ 11898 என்ற உலகத் தரமானது. அதற்கு முன்பு ஒவ்வொரு தகவலுக்கும் தனிக் கம்பி இழுத்தார்கள். மின்னணுச் சாதனங்கள் கூடக் கூடக் கம்பிக் கட்டு பருத்துக்கொண்டே போனது, எடையும் செலவும் ஏறின. எல்லாவற்றையும் ஒரு ஜோடிக் கம்பியில் பேச வைத்ததுதான் கேன் தந்த பெரிய விடுதலை. அதே பாஷ் நிறுவனத்துக்குப் பினாங்கிலும் தொழிற்சாலைகள் உண்டு. 2023இல் இங்கே சிப் சோதனைக் கூடம் ஒன்றையும் திறந்தார்கள். ஆக, இந்தத் தொழில்நுட்பம் நம் ஊருக்கு அந்நியமானதில்லை.

மாமாக் கடை உதாரணம் இதுவரைக்கும்தான் உதவும். கடையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தால் இரண்டுமே புரியாமல் போகும். கேனில் அப்படி ஆகாது. ஏன் ஆகாது என்பது மிக அழகான ஏற்பாடு. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கம்பியில் உண்மையில் என்ன நடக்கிறது

ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகள். ஒன்று கேன் ஹை, மற்றது கேன் லோ. யாரும் பேசாதபோது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட் இருக்கும். ஓர் இசியு "0" என்று சொல்ல வேண்டுமானால் ஹை கம்பியை 3.5 வோல்ட் பக்கம் ஏற்றி, லோ கம்பியை 1.5 பக்கம் இறக்கும். "1" என்று சொல்ல வேண்டுமானால் இரண்டையும் சும்மா விட்டுவிடும். கேட்கும் பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். பக்கத்தில் இக்னிஷன் காயில் மின்னினாலும் அந்த இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில்தான் ஏறும், அதனால் வித்தியாசம் மாறாது. முறுக்கியிருப்பதன் காரணம் இதுதான்.

இப்போது இரண்டு இசியுக்கள் ஒரே நொடியில் பேசத் தொடங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று "1" என்கிறது, மற்றது "0" என்கிறது. "1" என்பது சும்மா விடுவது, "0" என்பது கம்பியை இழுப்பது. ஆகவே கம்பியில் "0"தான் தெரியும். "1" சொன்ன பெட்டி கம்பியைப் பார்க்கிறது, தான் சொன்னது அங்கே இல்லை, உடனே வாயை மூடிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கிறது. "0" சொன்ன பெட்டிக்கு மோதல் நடந்ததே தெரியாது. அதன் செய்தி ஒரு பிட் கூடச் சிதையாமல் போய்ச் சேரும். பிட் என்பது இப்படி ஒரு 0 அல்லது ஒரு 1.

ஒவ்வொரு செய்தியும் ஓர் எண்ணோடுதான் தொடங்கும். அந்த எண்ணுக்கு ஐடி என்று பெயர். மேலே சொன்ன ஏற்பாட்டால் சிறிய ஐடி உள்ள செய்தி எப்போதும் முந்திக்கொள்ளும். அவசரமான செய்திகளுக்குச் சிறிய எண்ணையும், கொஞ்சம் பொறுத்தால் பாதகமில்லாதவற்றுக்குப் பெரிய எண்ணையும் கொடுப்பது வடிவமைப்பாளரின் வேலை. வழக்கமான ஐடி 0 முதல் 2047 வரை இருக்கும். லாரிகளிலும் சில கார்களிலும் இதைவிட நீளமான ஐடியும் உண்டு.

ஐடிக்குப் பின்னால் தரவு வரும். அதிகபட்சம் எட்டு பைட். ஒரு பைட் என்பது எட்டு பிட், அதாவது 0 முதல் 255 வரையிலான ஓர் எண். ஐடி, தரவு, பிழை கண்டுபிடிக்கும் சில பிட்கள் எல்லாம் சேர்ந்த ஒரு முழுச் செய்திக்கு ஃப்ரேம் என்று பெயர். கேன் எஃப்டி என்ற புதிய வகையில் 64 பைட் வரை அனுப்பலாம், ஆனால் அடிப்படை மாறுவதில்லை.

ஆக, கம்பியில் ஓடுவது ஃப்ரேம்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஐடியும் அதிகபட்சம் எட்டு சிறு எண்களும் இருக்கின்றன. "வேகம்", "சூடு", "பிரேக்" என்ற சொல் எதுவும் அதில் எழுதப்பட்டிருக்காது.

காது கொடுப்பதும் கேள்வி கேட்பதும்

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முள் சாக்கெட் ஒன்று இருக்கும். அதுதான் ஓபிடி சாக்கெட். காரின் புகை வெளியேற்றம் சரியாக இருக்கிறதா என்று யாரும் எளிதாகச் சோதிப்பதற்காக வந்த ஏற்பாடு அது. அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்கு இது கட்டாயமானது. 2008 மாடல் முதல் அங்கே இது கேன் வழியாகத்தான் பேச வேண்டும் என்று ஆனது. கேன் உள்ள கார்களில் 6ஆம் முள் ஹை, 14ஆம் முள் லோ. சாக்கெட் இருப்பதாலேயே கேன் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய கார்கள் பலவற்றில் 7ஆம் முள்ளில் வேறொரு மெதுவான முறை ஓடும்.

ஓபிடி என்பது கேள்வி-பதில் முறை. சாக்கெட்டில் செருகிக் கைப்பேசியில் பார்க்கும் சிறு கருவியான புளூடூத் டொங்கில் செய்வதும் இதுதான். ஒரு கேள்வியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மென்பொருள்கள் பொதுவாகப் பதினாறடிமான எண்களில் காட்டும், அதில் இலக்கங்களோடு எழுத்துகளும் கலந்து வரும். இங்கே எல்லாவற்றையும் நமக்குப் பழகிய சாதாரண எண்ணிலேயே தருகிறேன்.

கேள்வி: ஐடி 2015, தரவு 2, 1, 12.

பதில்: ஐடி 2024, தரவு 4, 65, 12, 26, 248.

2015 என்பது "புகை வெளியேற்றத்தோடு தொடர்புள்ள எல்லோரும் கேளுங்கள்" என்பதற்கு ஒதுக்கிய ஐடி. கேள்வியில் உள்ள 2, பின்னால் இரண்டு பைட் வருகிறது என்கிறது. 1 என்றால் "இப்போதைய மதிப்பைக் கொடு". 12 என்பது என்ஜின் சுழற்சி. பதிலில் 2024 என்பது பெரும்பாலும் என்ஜின் இசியு. 4 என்றால் நான்கு பைட் வருகிறது. 65 என்பது 64ஐயும் 1ஐயும் கூட்டியது, அதாவது "நீ கேட்ட 1ஆம் வகைக் கேள்விக்கு இது பதில்". 12, அதே சுழற்சி. மிச்சம் 26, 248. இதற்கான சூத்திரம் பொதுவில் உள்ளது: முதல் எண்ணை 256ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, 4ஆல் வகுக்க வேண்டும். 26 × 256 + 248 = 6904. நான்கால் வகுத்தால் 1726. என்ஜின் நிமிடத்துக்கு 1726 சுற்று ஓடுகிறது.

தண்ணீர் சூடும் இப்படித்தான். அதற்கான எண் 5. பதிலாக வரும் பைட்டிலிருந்து 40ஐக் கழித்தால் செல்சியஸ். 130 வந்தால் 90 டிகிரி. உறைபனி நாட்டிலும் எண் மைனஸுக்குப் போகாமல் இருக்கத்தான் இந்த 40.

இந்த முறையில் பொருள் தெளிவாக இருக்கிறது, ஏனென்றால் அகராதியைத் தரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் பட்டியல் குறுகியது. ஒவ்வொரு சக்கரத்தின் வேகம், ஸ்டியரிங் கோணம், பிரேக் அழுத்தம், கதவு திறந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்தப் பொதுப் பட்டியலில் இல்லை. அவையும் பஸ்ஸில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, யாரும் கேட்காமலேயே, நொடிக்குப் பல தடவை. கேள்வி எதுவும் கேட்காமல் அந்த ஓட்டத்துக்குக் காது கொடுப்பதுதான் நம் மூன்றாவது வேலை. அங்கே தகவல் கொட்டிக் கிடக்கிறது, அகராதிதான் இல்லை. கார் தயாரிப்பாளர்கள் அதை வெளியிடுவதில்லை.

பிழைக் குறியீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி0171 என்று வந்தால் "கலவையில் எரிபொருள் போதவில்லை" என்பதுதான் அதன் பொருள். எங்கோ காற்று கசியலாம், காற்று அளக்கும் சென்சாரில் அழுக்கு ஏறியிருக்கலாம், பெட்ரோல் பம்ப் சோர்ந்திருக்கலாம். குறியீடு அறிகுறியைச் சொல்கிறது, கெட்டுப்போன பாகத்தைச் சொல்வதில்லை. "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு" என்று சென்சாரை மாற்றிப் பணத்தை இழந்தவர்கள் நம் ஊரில் நிறைய. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். கருவி தப்பாக எதுவும் சொல்வதில்லை, அது சொல்வதை வாசிக்கக் கற்றுக்கொடுக்கத்தான் ஆளில்லை.

இதற்கு ஏன் மேசைக் கணினி

அளவுதான் காரணம். பயணிகள் கார்களில் பஸ் பெரும்பாலும் நொடிக்கு 5 லட்சம் பிட் வேகத்தில் ஓடும். ஒரு ஃப்ரேம் நூற்றுச் சொச்சம் பிட். பஸ் முழுக்க நிரம்பாவிட்டாலும் நொடிக்கு ஆயிரம் ஃப்ரேம் என்பது சாதாரணம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தை 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கச் சுமார் பத்து நிமிடம். அதற்குள் ஆறு லட்சம் வரி சேர்ந்துவிடும். பத்து கவானிலிருந்து பத்து மாவுங் வரும் இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். அதே வேகத்தில் 18 நிமிடம், பத்து லட்சத்து எண்பதாயிரம் வரி. எக்செல் ஒரு தாளில் தாங்குவது 10,48,576 வரிதான். அதாவது இரண்டாவது பாலத்தை ஒரே ஒரு முறை கடந்த பதிவை எக்செல்லால் முழுதாகத் திறக்கக்கூட முடியாது.

ஐம்பது வெள்ளிக்குக் கிடைக்கும் புளூடூத் டொங்கிலும் இங்கே திணறும். அவற்றுக்கு மூலமான இஎல்எம்327 சிப் கேள்வி-பதிலுக்காகவே வடிவமைக்கப்பட்டது. முழு ஓட்டத்தையும் பிடிக்கச் சொன்னால் அதன் சிறிய நினைவகம் நிரம்பிப் பதிவு அறுந்துவிடும். எத்தனை ஃப்ரேம் விடுபட்டது என்றும் நமக்குத் தெரியாது.

மென்பொருளின் உள்ளே

காரில் 6, 14ஆம் முள்களோடு ஓர் அடாப்டர். அது வோல்ட் ஏற்ற இறக்கத்தை ஃப்ரேமாக மாற்றி, யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்பும். வந்த ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நேர முத்திரை விழும். இப்படிச் சேர்த்து வைத்த கோப்புக்கு லாக் என்று பெயர்.

மென்பொருளைத் திறந்ததும் வரிகள் நீர்வீழ்ச்சி போல ஓடும், எதையும் படிக்க முடியாது. புதியவர்கள் இங்கேதான் மனம் தளர்வார்கள். பெரும்பாலான மென்பொருள்களில் இன்னொரு காட்சி உண்டு: ஒவ்வோர் ஐடிக்கும் ஒரே வரி, புது மதிப்பு பழையதன் மேல் எழுதப்படும். உடனே திரை அடங்கிவிடும். நாற்பதோ அறுபதோ வரிகள், அவற்றில் சில எண்கள் அசையும், சில அசையாது. அந்தக் காட்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்வோம்: பிரேக் மிதி எந்த ஐடியில் இருக்கிறது? கார் நிறுத்தத்தில், கியர் பார்க்கில், ஹேண்ட்பிரேக் போட்டு, என்ஜினை ஓடவிடுங்கள். சற்று நேரம் எதையும் தொடாமல் விடுங்கள். தானாக அசையும் எண்கள் எவை என்று தெரியும். அவற்றை மறைக்கும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. மறைத்துவிட்டு பிரேக்கை மிதியுங்கள், விடுங்கள், மறுபடி மிதியுங்கள். அடங்கிக் கிடந்த திரையில் இரண்டு மூன்று இடங்கள் உங்கள் காலோடு சேர்ந்து துடிக்கும்.

ஓர் ஐடியில் ஒரு பைட் 0 ஆக இருந்து 32 ஆகிறது, காலை எடுத்தால் மீண்டும் 0. நடுவில் வேறு மதிப்பு எதுவும் இல்லை. 32 என்பது எட்டு பிட்களில் ஒன்று மட்டும் 1 ஆவது, ஆகவே இது ஒரு சுவிட்ச். பிரேக் விளக்குக்கான சுவிட்சாக இருக்கலாம். இன்னோர் ஐடியில் ஓர் எண் மிதியை மெதுவாக அழுத்தினால் மெதுவாக ஏறுகிறது, ஓங்கி மிதித்தால் தாவுகிறது. இது அழுத்தம். மேலோட்டமாக மிதித்துப் பாருங்கள். சுவிட்ச் உடனே மாறும், அழுத்தம் கொஞ்சம் பின்னால்தான் கிளம்பும். இப்படி ஒரு காரணத்தை மாற்றி விளைவைப் பார்த்து, சந்தேகத்தை ஒவ்வொன்றாகக் கழிப்பதுதான் இந்தக் கலை முழுவதும். எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதோடு மென்பொருளின் பங்கு முடிந்தது. "இது பிரேக்" என்று தீர்மானித்தது நீங்கள்.

தீர்மானித்ததை எழுதி வைக்கும் இடம் டிபிசி கோப்பு. இன்ன ஐடியில், இத்தனையாவது பிட்டிலிருந்து இத்தனை பிட், இதனால் பெருக்கு, இதைக் கூட்டு, அலகு இது, பெயர் இது என்று வரிவரியாகச் சொல்லும் அகராதி அது. அதை மென்பொருளில் ஏற்றினால் வெற்று எண்கள் "என்ஜின் சுழற்சி 1726" என்று மாறும். சிலர் மென்பொருளின் புத்திசாலித்தனம் என்று நினைத்து வியப்பது இந்தக் கோப்பைத்தான். பல கார்களுக்கு ஆர்வலர்கள் கண்டுபிடித்துச் சேர்த்தவை ஓப்பன்டிபிசி என்ற திறந்த தொகுப்பில் கிடைக்கின்றன. லாரி, பேருந்துகளில் ஜே1939 என்ற பொதுத் தரம் இருப்பதால் அங்கே அகராதிச் சிக்கல் குறைவு. பட்டர்வொர்த்தில் கொள்கலன் லாரி பார்க்கும் ஒருவருக்கு, கார் பார்ப்பவரைவிட இது எளிது.

டிபிசியில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு பைட்டைச் சேர்த்து ஓர் எண்ணாக்கும்போது எது முன்னால்? இதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்றுக்கு மோட்டோரோலா வரிசை, மற்றதற்கு இன்டெல் வரிசை என்று பெயர். பாயான் லெப்பாஸில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு இரண்டுமே வீட்டுப் பெயர்கள்தான். மேலே பார்த்த 26, 248 மோட்டோரோலா வரிசையில் 1726 சுற்று. அதையே இன்டெல் வரிசையில் படித்தால் 248 × 256 + 26 = 63,514, நான்கால் வகுத்தால் 15,878.5. எந்தக் குடும்பக் காரும் அப்படிச் சுழலாது. வரைபடத்தில் இப்படி நம்ப முடியாத எண்ணோ, ரம்பப் பல் மாதிரி தாவும் கோடோ வந்தால் முதலில் வரிசையைச் சந்தேகியுங்கள்.

இன்னொன்று. பல ஃப்ரேம்களில் ஒரு பகுதி 0 முதல் 15 வரை ஏறி மறுபடி 0 ஆகும், இன்னொரு பைட் தலைகால் தெரியாமல் மாறிக்கொண்டே இருக்கும். முதலாவது, செய்தி விடுபடவில்லை என்று காட்டும் எண்ணி. இரண்டாவது, தரவு சிதையவில்லை என்று உறுதி செய்யும் சரிபார்ப்பு எண். இரண்டும் எந்தச் சென்சாருக்கும் சொந்தமில்லை.

சுருக்கமாக: அடாப்டர் பிடிக்கிறது, மென்பொருள் அடுக்குகிறது, டிபிசி பெயர் சூட்டுகிறது. டிபிசி இல்லாத இடத்தில் மனிதன் சோதித்துக் கண்டுபிடிக்கிறான்.

நிஜமான பலன் எங்கே கிடைக்கிறது

வந்து வந்து போகும் கோளாறுகளில். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு எப்போதாவது எரிகிறது, வொர்க்‌ஷாப்புக்குப் போனால் எரிவதில்லை என்று வைத்துக்கொள்வோம். பிழைக் குறியீடு ஒரு சக்கரத்தின் சென்சாரைக் காட்டுகிறது. சென்சாரை மாற்றியும் விளக்கு திரும்ப எரிகிறது. அடுத்து ஏபிஎஸ் பெட்டியையே மாற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். அது பெரிய செலவு.

இங்கே நான்கு சக்கர வேகத்தையும் ஸ்டியரிங் கோணத்தையும் ஒரே நேர அச்சில் வரையுங்கள். மூன்று கோடுகள் ஒன்றாக வழவழவென்று போகின்றன. நான்காவது ஓர் இடத்தில் அரை நொடி பூஜ்யத்துக்கு விழுந்து எழுகிறது. பிரேக்கைத் தொடாமல் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் அப்படி நின்று எழ முடியாது. ஆகவே விழுந்தது சிக்னல். அப்புறம் ஸ்டியரிங் கோட்டைப் பாருங்கள். ஒவ்வொரு வீழ்ச்சியும் ஸ்டியரிங் ஒரு பக்கம் நன்றாகத் திரும்பியபோதே நடந்திருந்தால், சக்கரத்தோடு சேர்ந்து வளையும் கேபிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உறைக்குள்ளே கம்பி முறிந்திருந்து, திரும்பும்போது மட்டும் தொடர்பு அறுந்துபோகும். குறியீடு காட்டாத "எப்போது" என்பதை இந்த இரண்டு கோடுகள் காட்டிவிடுகின்றன.

எந்த மென்பொருள்

தொடங்குகிறவருக்கு நான் சொல்வது சாவிகேன். இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பல வகை லாக் கோப்புகளைத் திறக்கும், மேலே சொன்ன மறைக்கும் வசதியும் வரைபடமும் அதிலேயே இருக்கின்றன. லினக்ஸ் பழகியவர்களுக்கு 2008 முதல் அதன் மையமான கெர்னலிலேயே கேனைப் படிக்கும் சாக்கெட்கேன் இருக்கிறது, அதோடு கணினி வலையமைப்புகளை ஆராயும் வயர்ஷார்க்கும் பேசும். பீக் நிறுவனத்தின் பிகேன்-வியூ, ஸ்வீடனின் க்வேசர் தரும் கேன்கிங் ஆகியவை இலவசம்தான், ஆனால் அவரவர் அடாப்டரோடு வேலை செய்பவை. வெக்டரின் கேனலைசர் கார் தயாரிப்பாளர்களின் ஆய்வுக்கூடங்களில் இருப்பது. விலையும் அந்த இடத்துக்கு ஏற்றது, வீட்டு வேலைக்குத் தேவையில்லை.

முதலில் தடுக்கி விழும் இடங்கள்

செருகியாயிற்று, திரையில் ஒரு வரி கூட இல்லை. மென்பொருள் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். பல புதிய கார்களில் ஓபிடி சாக்கெட்டுக்கும் உள் பஸ்களுக்கும் நடுவே கேட்வே என்ற காவல் பெட்டி நிற்கிறது. கேள்வி கேட்டால் பதிலை மட்டும் வெளியே விடும், உள்ளே நடக்கும் பேச்சை விடாது. அது காரின் வடிவமைப்பு. உங்கள் கருவியில் குறை இல்லை.

இன்னொன்று வேக அமைப்பு. பஸ் ஓடும் வேகத்தையே அடாப்டருக்கும் கொடுக்க வேண்டும். தப்பான வேகத்தில் சாதாரண நிலையில் இணைத்தால், அடாப்டர் எல்லா ஃப்ரேமையும் பிழை என்று எடுத்துக்கொண்டு பஸ்ஸில் இடையூறு செய்யும், டாஷ்போர்டில் விளக்குகள் எரியத் தொடங்கும். இதைத் தவிர்க்க "கேட்க மட்டும்" என்ற நிலை எல்லா நல்ல மென்பொருளிலும் உண்டு. அதில் அடாப்டர் கம்பியில் ஒரு பிட் கூட எழுதாது. எப்போதும் அதிலிருந்தே தொடங்குங்கள். பஸ்ஸின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை இருக்கும், ஆகவே காரை அணைத்துவிட்டு 6க்கும் 14க்கும் நடுவே அளந்தால் சுமார் 60 ஓம் வர வேண்டும். அடாப்டரில் கூடுதலாக ஒரு 120 ஓம் மின்தடையை இணைக்கும் ஜம்பர் என்ற சிறு செருகி இருந்தால் காரில் செருகும்போது அதை எடுத்துவிடுங்கள்.

இதே மென்பொருள்களில் ஃப்ரேமை அனுப்பும் பொத்தானும் இருக்கிறது. ஃப்ரேமில் அனுப்பியவர் யார் என்று இருக்காது என்று பார்த்தோம். ஆகவே நீங்கள் அனுப்பியதையும் பிரேக் பெட்டி அனுப்பியதையும் கேட்கும் பெட்டியால் பிரித்தறிய முடியாது. 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இருவர் ஒரு ஜீப் செரோக்கியின் இணைய இணைப்பு வழியாக உள்ளே நுழைந்து இப்படி ஃப்ரேம்களை அனுப்பிக் காட்டியதற்குப் பிறகு, அமெரிக்காவில் சுமார் 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. நகரும் காரில் அந்தப் பொத்தானைத் தொடவே கூடாது. ஓட்டுபவர் ஓட்டட்டும், லேப்டாப் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் இருக்கட்டும்.

அடாப்டர் வாங்குவதற்கு முன்பே பழகலாம். ஆர்வலர்கள் பகிர்ந்த லாக் கோப்புகளில் ஒன்றையும் அந்தக் காருக்கான டிபிசியையும் இறக்கி, முதலில் டிபிசி இல்லாமல் திறந்து என்ஜின் சுழற்சி எது என்று தேடிப் பாருங்கள். கார் நிற்கும்போதும் பூஜ்யத்துக்கு இறங்காமல், கிளம்பும்போது ஏறி, கியர் மாறும்போதெல்லாம் சரிந்து எழும் ஒரு கோடு கண்ணில் படும். அதன் பிறகு டிபிசியை ஏற்றிச் சரிபாருங்கள். சொந்தக் காரில் பதிவு செய்யும்போது, எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள் என்பதைக் கைப்பேசியில் பேசியாவது பதிந்து வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத லாக்கை ஒரு வாரம் கழித்துத் திறந்தால், எந்த இடத்தில் விளக்கு எரிந்தது என்று உங்களுக்கே நினைவிருக்காது.